அருள் மேலே வந்து சொன்ன பெயர்

முக்குளிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் ரீபிரீதர் கருவியை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர நம் மேரு பட்டறையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். கையேட்டில் இல்லாத ஏதாவது ஒன்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சந்தேகப்படுவதைப் பற்றி எழுதுகிறேன். அதில்தான் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நம் தொழிலில் சந்தேகப்படத் தெரியாதவர்கள் ஆபத்தானவர்கள். நாம் செய்து கொடுப்பதை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மனிதர் கிள்ளான் துறைமுகத்தின் சேற்றுத் தண்ணீரில், கப்பலின் வயிற்றுக்குக் கீழே போய் வேலை செய்கிறார். அவர் விடும் மூச்சையே கருவி வாங்கிக்கொள்கிறது. அதிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்புத் துகள்கள் நிறைந்த ஒரு குடுவை உறிஞ்சிவிட, கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்து அதே மூச்சு அவரிடம் திரும்பிப் போகிறது. சாதாரணச் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் இழுக்க வராது, ஆளுக்குத் தெரிந்துவிடும். இதில் அப்படி இல்லை. எது கெட்டுப்போனாலும் மூச்சு மட்டும் வந்துகொண்டே இருக்கும். நல்ல மூச்சா கெட்ட மூச்சா என்று நாக்குக்குத் தெரியாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் முதலாளி. அவர் பெயர் இங்கே வேண்டாம். நாங்கள் எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிட்டோம். நான் சேர்ந்த புதிதில் ஒரு சிலிண்டரின் தலையைக் கழற்றச் சொன்னார். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நின்றது. ஸ்பானரை வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"காலி பாஸ். ஜீரோ காட்டுது."

"செத்துப்போன முள்ளும் ஜீரோதான் காட்டும் விமலா."

சிலிண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வால்வை ஒரு மயிரிழை திறந்தார். சீறிய சத்தத்தில் சுவரில் தொங்கிய நாட்காட்டி கீழே விழுந்தது. சிலிண்டர் ஏறக்குறைய நிறைந்திருந்தது. முள்தான் உள்ளே ஒடிந்திருந்தது. நான் அதைக் கழற்றியிருந்தால் இன்று உங்களுக்கு எழுத எனக்குக் கை இருந்திருக்காது. "கருவி உங்ககிட்ட பொய் சொல்லும். வேணும்னு சொல்லாது, ஆனா சொல்லும்," என்றார். அந்த மனிதரிடம் நான் கற்றது நிறைய. பின்னால் எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சொந்தமாக ஒரு ரீபிரீதரை வடிவமைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டுக் கருவிகளைவிடப் பாதி எடை, துறைமுக வேலைக்கு ஏற்ற தடித்த உடம்பு. அதுதான் பாஸின் கனவு. நான் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பு. சுண்ணாம்புக் குடுவையையும் வால்வுகளையும் பொருத்தும் வேலை நசீருடையது. கிள்ளானில் குடும்ப உணவகம் இருந்தும் அடுப்பு வேண்டாம் என்று ஸ்பானரைப் பிடித்தவர். கருவியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குபவர் அருள்.

அருள் கேரி தீவில் தோட்டத்து வீட்டில் பிறந்து, துறைமுகத்தில் கப்பல் அடிப்பாகம் சுரண்டும் வேலை பார்த்தவர். முன்பு இருந்த நிறுவனத்தில் கூட இறங்கிய தோழர் ஒருவர் திரும்பி வரவில்லை. செத்தவர் மேலேயே பழியைப் போட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். அதிலிருந்து அருளுக்கு முதலாளிகள் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஒருவர் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. பழைய மேலாளரைச் சாலையில் கண்டால் இன்னமும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். இந்தக் குணத்தையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பயன்பட்டது.

ஒருநாள் பாஸ் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சிக்குப் போனார். திரும்பி வந்தவர் நேராக என்னிடம் வந்தார். கைப்பேசியை என் மேசையில் வைத்து, அதில் எடுத்திருந்த ஒரு படத்தைக் காட்டினார். வேறொரு நிறுவனத்தின் ரீபிரீதர். முதுகுப்பக்க ஓடு அச்சு அசல் எங்களுடையது போலவே இருந்தது.

"நம்ம ஆளுங்கள்ல யாரோ வரைபடத்தைக் கொடுத்திருக்காங்க," என்றார்.

"ஓடுதானே பாஸ், உள்ள என்ன இருக்குன்னு..."

"நீங்க ஏன் அவங்களுக்குப் பேசுறீங்க?"

அந்தக் கேள்விதான் தொடக்கம். அடுத்த வாரம் பட்டறையில் கேமரா ஏறியது. வாசலில் ஒரு பெட்டி வைத்து எல்லாருடைய கைப்பேசியையும் அதில் போடச் சொன்னார். பெரிய மேசையில் விரித்துக் கிடந்த வரைபடங்கள் காணாமல் போயின. அவரவர் பகுதியை மட்டும் வெட்டி அவரவர் கையில் கொடுத்தார். குடுவையைக் கடைபவருக்கு ரப்பர் வளையத்தின் அளவு தெரியாது. வளையம் வாங்குபவருக்குக் குடுவை தெரியாது. எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கும் என்பது பாஸுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து மணித் தேநீருக்கு எல்லாரும் சேர்ந்து எதிரில் இருந்த மாமாக் கடைக்குப் போவது வழக்கம். அது நின்றுபோனது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாமவர் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று மூன்றாமவர் யோசித்தார். நான்கூட வீட்டுக்குப் போகும்போது காரில் யார் யாரிடம் என்ன சொன்னோம் என்று திரும்ப ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

நசீர் ஒருமுறை குடுவையின் முழு வரைபடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். வேலைக்காகத்தான் கேட்டார். அன்று சாயங்காலம் வாசலில் பாஸ் அவருடைய பையை வாங்கி, எங்கள் எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். சோற்று டப்பா, தொழுகைத் தொப்பி, மழைக்கோட்டு. வேறு ஒன்றும் இல்லை. நசீர் எல்லாவற்றையும் மடித்துத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, "வரேன்க்கா," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பட்டறை அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கருவியை வாங்க விரும்பிய ஒரு நிறுவனத்திலிருந்து அதைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். முந்தைய நாள் நாங்கள் கடைசியாக ஒரு சோதனை வைத்துக்கொண்டோம்.

சோதனைத் தொட்டி உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் தடித்த கண்ணாடி, அடியில் நிலைநிறுத்திய சைக்கிள். அருள் கீழே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவதற்குச் சமமான உழைப்பு அது. நான் திரையில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறையே இல்லை. முதலில் மெதுவாக மிதித்தார், எல்லாம் சரி. வேகத்தைக் கூட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். கூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவது மாறியது. ஓடி வந்த நாய்க்கு இரைப்பதுபோல் இருந்தது. நிறுத்தும்படி சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் துண்டோடு நின்ற நசீரையே முறைத்துப் பார்த்தார். பிறகு சைக்கிளை உதைத்துத் தள்ளிவிட்டு மேலே வந்தார். கைகொடுக்கப் போன நசீரின் கையைத் தட்டிவிட்டார். வாயிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினார்.

"இவன்தான்! நசீர்தான்! என்னை முடிக்கப் பாக்குறான்! கீழ நான் சாவுறேன், இவன் நின்னு சிரிக்கிறான்!"

நசீர் துண்டை நீட்டியபடியே நின்றார். 

பாஸுக்கு இது போதுமானதாக இருந்தது. இத்தனை வாரங்களாக அவர் தேடிக்கொண்டிருந்த பெயர் தொட்டிக்குள்ளிருந்தே வந்துவிட்டது. நசீரை அலுவலக அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். "வரைபடத்தை வித்தவன் இப்ப கருவியையும் கெடுத்துட்டான். நான் போலீஸைக் கூப்பிடப் போறேன்," என்றார். அடுத்த கணமே, "ஆக்சிஜன் எல்லாம் நல்லாத்தானே காட்டுது, அருளும் நடிக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் நாளைக்கு நம்மளைக் கவுக்கப் பாக்குறாங்க," என்றார். ஒருவன் இன்னொருவனைக் கொல்லப் பார்த்தான், இருவரும் கூட்டாளிகள் என்ற இரண்டும் ஒரே மூச்சில் அவருக்கு உண்மையாகத் தெரிந்தன. அன்றுதான் அவரைப் பார்த்து நான் பயந்தேன்.

அருளைப் பின்வாசல் பக்கம் காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, முதலுதவி ஆக்சிஜனைக் கொடுத்தேன். வெளியே தொழிற்பேட்டைச் சாலையில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி பிளப்பதுபோல் வலிக்கிறது என்றார். மிரட்சி மெல்ல மெல்ல முகத்திலிருந்து இறங்கியது. முகமூடியை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, நான் நசீர் பேரையா சொன்னேன்?"

"ஆமா."

"ஏன் சொன்னேன்?"

"நீங்கதான் சொல்லணும்."

"தெரியலக்கா. கீழ இருக்கறப்ப அவன்தான்னு அப்படியே தெரிஞ்சுச்சு. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணியிருப்பேன். இப்ப யோசிச்சா ஒண்ணுமே இல்ல. அவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் கட்டுனதே நானு. அவன் ஏன் என்னைக் கொல்லப் போறான்?" கண்கள் கலங்கியிருந்தன. "அவன் மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?"

 பழைய மேலாளரைப் பார்த்தால் இன்னமும் சாலை மாறி நடக்கும் மனிதர் இவர். இவருக்கு வந்த ஒரு சந்தேகம் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரத்தில் கரைந்துபோகிறது என்றால், அது இவர் மனத்திலிருந்து வந்த சந்தேகமாக இருக்க முடியாது. நல்ல காற்று உள்ளே போனதும் அது வெளியே போயிருக்கிறது. அப்படியானால் அது உள்ளே வந்ததும் காற்றோடுதான்.

கரியமில வாயு ஏறினால் தலைவலியும் இரைப்பும் வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதோடு பயமும் வரும். பயத்துக்குக் காரணம் தெரியாதபோது மனம் எதிரில் நிற்கும் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்று எதிரில் நின்றவர் நசீர். திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆக்சிஜனை மட்டும்தான். அந்த நாளில் எங்கள் கருவியில் கரியமில வாயுவை அளக்க ஒன்றும் இல்லை. அதை அளந்து சொன்னவர் அருள்தான். நாங்கள் அதைக் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். பாஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு குடுவையைக் கொண்டுவரச் சொல்லித் திறந்து காட்டினார். துகள்கள் பால்போல் வெள்ளையாக இருந்தன. கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அவை ஊதா நிறமாக மாற வேண்டும்.

"பாருங்க. தீரவே இல்ல. குடுவையில ஒரு கோளாறும் கிடையாது."

"அதுதான் பாஸ் எனக்கு இடிக்குது. அவ்வளவு வேகமா மிதிச்சிருக்காரு. மேல்பக்கமாவது ஊதா ஏறியிருக்கணும். காத்து இதுக்குள்ள போகாம வேற வழியாப் போயிருந்தா?"

"புது ஸ்டாக். மெதுவாத்தான் மாறும்."

முள்ளை நம்பாதே என்று என் கையைப் பிடித்து நிறுத்தியவர், இப்போது வெள்ளை நிறத்தை நம்பினார். மனிதர்கள் மேல் சந்தேகம் வந்தபின் கருவிமேல் சந்தேகப்பட அவரிடம் இடம் மிச்சம் இல்லை.

"கிள்ளான்லேருந்து வேற டைவர் வந்துட்டு இருக்காரு," என்றார். "சாயங்காலம் அவரை இறக்கிப் பார்ப்போம். நாளைக்கும் அவரே போடட்டும்."

"இதே குடுவையோடயா?"

"விமலா, நீங்க யாருக்காக வேலை செய்றீங்க?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நசீர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கேயோ நெரிசலில் மாட்டியிருக்கும் ஒரு முக்குளிப்பாளர் வந்து, எதுவும் தெரியாமல் சிரித்த முகத்தோடு இதை முதுகில் மாட்டிக்கொள்வார். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. நான் பேசப் பேச பாஸின் கண்ணில் என் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது எழுதப்போவதை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. இன்று ஆளுக்குப் பதிலாக மூச்சுவிட்டுச் சோதிக்கும் இயந்திரம் மேருவிலேயே இருக்கிறது. அன்று எங்களிடம் இல்லை.

பழைய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதை நடுவில் இழுத்துப் போட்டேன். அதே குடுவையைத் திரும்பவும் கருவியில் பொருத்தச் சொன்னேன். "தண்ணிக்கு வெளியே நான் போட்டுப் பாக்குறேன். ஒண்ணும் ஆகலன்னா நீங்க போலீஸைக் கூப்பிடுங்க. நான் குறுக்க நிக்கல," என்றேன். பாஸ் தோளைக் குலுக்கினார். நசீரையும் அங்கே வந்து நிற்கச் சொன்னேன். அருளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் அவ்வப்போது சின்னக் கணக்குக் கேட்பார், நான் விரலால் பதில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், நான் என்ன செய்தாலும் சரி, வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

"நீங்க அடிச்சாலுமா அக்கா?"

"அடிச்சா கண்டிப்பா."

கருவியின் வாய்க்குழாயைக் கவ்வி, மூக்கை அடைத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அருள் கேட்டார், விரலைக் காட்டினேன். வேகத்தைக் கூட்டினேன். மூச்சு வந்தது. ஆனால் போதவில்லை. வயதாகிவிட்டது, பழக்கம் இல்லை என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்பாகத்தான் இருந்தது. அடுத்ததும் நியாயமானதாகவே இருந்தது. பாஸ் நசீரைப் பார்த்ததைக் கவனித்தேன். நசீர் அவரைப் பார்த்ததையும் கவனித்தேன். அப்படியானால் பையைத் தேடியது நாடகம். இரண்டு பேரும் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள். எல்லாம் என்னை இந்தச் சைக்கிளில் உட்கார வைக்கத்தான். எத்தனை தெளிவாக இருந்தது தெரியுமா? வாழ்நாளில் எதுவும் எனக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்ததில்லை.

அருள் ஏதோ கேட்டார். ரெண்டும் மூணும் எத்தனை என்றாராம், பிறகு சொன்னார்கள். எனக்கு அது பொறி என்று பட்டது. விரலைக் காட்டினால் கை வாயிலிருந்து விலகும், அவர் பிடுங்கிவிடுவார். அதற்குத்தான் காத்திருக்கிறார். வெளியே இருக்கும் காற்றில்தான் எதையோ கலந்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் வாய்க்குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு பற்களால் கடித்தேன்.

அருள் பிடுங்கிவிட்டார். உதட்டில் ரத்தம் வந்தது. என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "நீயும் அவரோட ஆளா?" என்பது.

 நான் சைக்கிளின் கைப்பிடியில் சாய்ந்து காற்றை வாரி வாரி இழுத்தேன். பட்டறையின் எண்ணெய் வாடையும் மழை வரப்போகும் வாடையும் மூக்கில் ஏறின. சற்று முன்பு அத்தனை தெளிவாக இருந்தது, விழித்தபின் கனவு கலைவதுபோல் ஓரங்களிலிருந்து உதிர்ந்தது. பாஸைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. இத்தனை வாரங்களாக அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி இப்போது என் வாயிலிருந்து அவர் காதில் விழுந்திருந்தது.

அப்போதுதான் நசீர் வாயைத் திறந்தார்.

"அக்கா, அடி வளையம் லூசா இருந்துச்சு."

"எந்த வளையம்?"

"குடுவைக்கு அடியில போடுற ரப்பர் ரிங். புதுக் குடுவை வந்ததுலேருந்து வழுக்கிட்டு உள்ள போகுது. முன்னெல்லாம் கட்டை விரலால அழுத்தித்தான் போடணும்."

"ஏன் சொல்லல?" என்றார் பாஸ்.

நசீர் அவரைப் பார்த்து, மரியாதை குறையாமல் சொன்னார். "சொல்றதுன்னா வரைபடத்தைக் கேக்கணும் பாஸ். கேட்டா பையைத் தேடுவீங்க. சரி, டிராயிங் போட்டவங்களுக்குத் தெரியும், மாத்தித்தான் இருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

வெட்டிக் கொடுத்திருந்த துண்டுகளை எல்லாம் கொண்டுவந்து பெரிய மேசையில் சேர்த்து வைத்தோம். புதுக் குடுவையில் வளையம் உட்காரும் பள்ளம் பழையதைவிட ஆழம். வளையமோ பழைய அளவிலேயே வாங்கப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண் பட்டறையில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது விடும் மூச்சுக்கு அந்த இடுக்கு ஒரு பொருட்டே இல்லை. உழைத்து மூச்சு வாங்கும்போது காற்று துகள்களுக்குள் போகாமல் அந்த இடுக்கு வழியாகவே சுற்றிக்கொண்டு, கழுவாத மூச்சாகத் திரும்பி வந்திருக்கிறது. கெடுத்தவர் என்று யாரும் இல்லை. பயத்தில் வாய் மூடியிருந்தவர்கள் மட்டும் இருந்தோம்.

கிள்ளானிலிருந்து வந்த முக்குளிப்பாளருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். பாஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்க வருபவர்களிடம் அவரே தொலைபேசியில் பேசினார். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். "எங்க கருவியில தப்பு இருக்கு, ஆளை இறக்க முடியாது," என்றுதான் சொன்னார். அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் வரவில்லை. கருவி தேறி, வேறொருவர் வாங்கும்வரை எங்களுக்கு மிகவும் கஷ்டமான காலம்.

கேமரா இறங்கியது. வரைபடங்கள் மேசைக்குத் திரும்பின. கரியமில வாயுவை அளக்கும் உணரியும் கருவிக்குள் வந்தது. இன்று உங்கள் திரையில் ஓரத்தில் மினுங்கும் அந்த இரண்டாவது எண் அன்று பிறந்ததுதான். நசீரிடம் பாஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். நசீரும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அருள் கேட்டார். மறுநாள் காலையிலேயே, நசீர் மேசையருகே போய் நின்றார்.

"மச்சான், நேத்து என் வாய் தப்பாப் பேசிடுச்சு."

நசீர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "உன் வாய் இல்லடா. காத்து பேசுச்சு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு நசீர் அலுவலகக் கதவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "பாஸுக்குள்ள எந்தக் காத்து பூந்துச்சுன்னுதான் எனக்குத் தெரியல."

கருவி எல்லாச் சோதனைகளிலும் தேறிய பிறகுதான் நசீர் வேலையிலிருந்து விலகினார். பாதியில் விட்டுப் போகவில்லை. கடைசிக் குடுவைவரை வளையத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டே கொடுத்தார்.

நாளைக்கு உங்கள் தொட்டியிலிருந்து ஒருவர் மேலே வந்து உங்களைத் திட்டலாம், பழி சொல்லலாம், அடிக்கவும் வரலாம். பதில் பேசாதீர்கள். கோபப்படாதீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எப்படி மூச்சு விடுகிறார் என்று முதலில் பாருங்கள். நல்ல காற்றைக் கொடுத்துவிட்டு, கருவியைத் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் சந்தேகம் எல்லாவற்றையும் கருவிமேல் காட்டுங்கள். அது வருத்தப்படாது, உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடாது.

கண்காட்சியில் பாஸ் பார்த்த அந்த ஓட்டின் புதிருக்கும் பின்னால் விடை கிடைத்தது. காஜாங் பக்கம் ஓர் அச்சு வார்ப்புப் பட்டறைக்கு வேலையாகப் போயிருந்தேன். எங்கள் ஓட்டையும் அந்த இன்னொரு நிறுவனத்தின் ஓட்டையும் அங்கேதான் வார்த்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் தன்னிடமிருந்த ஒரே அச்சை இரண்டு பேருக்கும் கொஞ்சம் மாற்றி விற்றிருக்கிறார். அவர்கள் கருவிக்குள்ளே இருக்கும் வேலைப்பாட்டுக்கும் எங்களுடையதற்கும் சம்பந்தமே இல்லை. திருடர் என்று ஒருவர் இருக்கவே இல்லை. பாஸிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா," என்று கேட்டுக்கொண்டார்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்திருந்தார். என் பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, பட்டறையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியெல்லாம் பேசினோம். இலையில் பாயசம் விழுந்தது. அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"இப்பதான் ரெண்டு பேரும் வேலையில இல்லையே விமலா. இப்பவாச்சும் சொல்லுங்க லா. வரைபடத்தைக் கொடுத்தது நசீர்தானே?"

"இல்ல பாஸ். நசீர் இல்ல."

தலையை மெல்ல ஆட்டினார். இலையிலிருந்த பாயசத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அருளா?" என்றார்.

நான் இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.